முப்பதில் ரெண்டாவது பிரதி

இல்ல அண்ணாச்சி, காப்பி வேண்டாம். கூட வெலைக்கு விக்கத்தான் திருப்பிக் கேக்கான்னு நெனைச்சிராதிய. அந்தக் கொக்கிரகுளம் ஆத்துப் படத்தக் குடுத்துட்டு இத வச்சுக்கிடுங்க, அவ்வளவுதான். ரெண்டும் ஒரே தகட்டுல எடுத்ததுதான். என் பொண்டாட்டி எலிசபெத்து வரைஞ்சா, நான் அச்சடிச்சு வித்தேன். இருவது வருசமா இதான பொழப்பு. வாத்தியார் வேலைய விட்டுட்டுப் படம் விக்க வந்தவன்னு எங்க சபையில இன்னும் சிரிக்காங்க.

ஆமா, ஒங்களுது ரெண்டாம் நம்பர். கீழ பென்சில்ல போட்டிருக்கும், ரெண்டு, கோடு, முப்பது. இது இருவத்தெட்டு, எங்க வீட்டுல மாட்டியிருந்தது. ஆனா சுத்தமா இருக்கும். ஒங்க படத்துல வலது மூலையில ஒரு கறை கெடக்குல்லா? வாங்குன அன்னைக்கே கேட்டிய. ஆத்துப் பாறைன்னு சொன்னேன். பொய்தான். வேண்டாம்னுருவியளோன்னு பயம்.

செம்புத் தகட்டுல மெழுகு பூசி, ஊசியால கீறி, ஆசிட்டுல போடுவோம். கீறுன எடமெல்லாம் அரிச்சிரும். மெழுகு எளக்கமா இருக்கயில எது பட்டாலும் அதுவும் சேந்து பதிஞ்சிரும். மூணு பிரதி எடுத்த பொறவுதான் அந்தக் கறைய நான் பாத்தேன். கெடக்கட்டும்னா எலிசபெத்து. நான்தான் கேக்கல. சுரண்டித் தேய்க்க வச்சேன். மிச்சம் இருவத்தேழும் சுத்தம்.

அந்தத் தகட்டுல இன்னொண்ணு எடுத்தா என்னன்னா கேக்கிய? தேச்சது தேச்சதுதான, அண்ணாச்சி. அதுபோக, முப்பது முடிஞ்சதும் தகட்டுக்குக் குறுக்க ஒரு கீறல் போட்டிருவோம். இதுக்கு மேல அடிக்க மாட்டோம்னு வாங்குனவங்களுக்குக் குடுக்க வாக்கு அது. நானே ஆணியெடுத்துக் கீறுனேன்.

மொதப் பிரதி ஸ்ரீவைகுண்டத்துல ஒரு டாக்டர் வீட்டுல இருந்துச்சு. பெருவெள்ளத்துல ஊறிக் கூழாப் போச்சு. மூணாவது தூத்துக்குடியில. போன வாரம் போயிப் பாத்தேன், வீட்ட வித்துட்டு எங்கன போனாங்கன்னே யாருக்கும் தெரியல.

கறைக்குப் போயி இம்புட்டு அலைச்சலான்னா... செத்த கிட்டத்துல பாருங்க. ரேகை தெரியுதா? எங்க எப்சி. ரொம்ப வருசம் கழிச்சுப் பொறந்த பிள்ள. அப்ப அஞ்சு வயசு. தகட்ட யாரு தொட்டதுன்னு கேட்டேன், வெரல நீட்டுனா. அந்த வெரல்லயே அடிச்சேன். போன ஆனியில காய்ச்சல், நாலே நாளு.

பைய யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி, ஒண்ணும் அவசரம் இல்ல. எலிசபெத்து கீழ ஆட்டோவுலதான் இருக்கா. மேல வான்னு கூப்பிட்டேன். நீங்க மாட்டேன்னு சொன்னா அதக் கேக்க முடியாதாம்.