வயிறு என்று சொன்னவர்

மாங்கேணியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் கடற்கரையில் கரைவலை இழுக்கும் மீனவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“வயித்தில கான்சர் எண்டு ஊருக்குச் சொன்னீங்க. இப்ப ஊரே கஞ்சி கொண்டு வருது. மலவாசல் கான்சருக்குக் கஞ்சி என்னத்துக்கு?”

“மெதுவாக் கதை. சனம் கேக்குது.”

“ரத்தம் போகக்குள்ள மூலம் எண்டு வலைக்காரர் எல்லாருக்கும் சொன்னீங்க. ஆளுக்கொரு இலை தந்தாங்க. எல்லாத்தையும் அரைச்சுப் பூசினீங்க. அப்ப வெக்கம் வரல்லியா? கட்டி தட்டுப்பட்ட பிறகும், டொக்டர் பொம்பிள எண்டு கண்டதும் எழும்பி ஓடி வந்த ஆம்பிள!”

“பிறகு போனன்தானே.”

“போனதாலதான் சதை எடுத்துப் பாத்து, என்ன வருத்தம் எண்டு கண்டுபிடிச்சா. கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் சேத்துக் குடுத்தா வெட்டாமலே சுகமாகலாம் எண்டும் சொன்னா.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“நம்மட வலையில நிக்கிற யோகனுக்கும் ரத்தம் போகுதாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நல்ல இலை ஒண்டு சொன்னன்.”

“எந்த இலை?”

“நான் பூசினதுதான்.”

மனைவி கைப்பையிலிருந்து போனை எடுத்து அழைத்தார். “யோகன் அண்ணே, இவர் ஒண்டு கதைக்கணுமாம்,” என்று கணவரின் காதில் வைத்தார்.

“மச்சான், எனக்கு வயித்தில இல்ல,” என்றார் கணவர், முணுமுணுப்பாக.

“பஸ் சத்தத்தில அவருக்குக் கேக்காது. எங்க எண்டு சத்தமாச் சொல்லுங்க.”

கரைவலை இழுக்கும்போது கூவுகிற குரலில் அவர் சொன்னார்.