தப்பே இல்லாத ஒரு வாக்கியம்

ஞாயிறு சாயங்காலம், சிங்கப்பூரில் பூன் லே போகும் ரயில். எதிரே ஷிப்யார்டு தொழிலாளர்கள் இருவர். மூத்தவருக்கு வலது கையில் கட்டு, மடியில் இங்கிலீஷ் கிராமர் புத்தகம்.

"இங்கிலீஷ் புரியாம இருந்தப்பவே நிம்மதியா இருந்தேன்யா."

"என்னண்ணே, கிளாஸ்ல நீங்கதானே ஃபர்ஸ்ட்டு?"

"நேத்து கிளினிக்ல எங்க சூப்பர்வைசர், டாக்டர்கிட்ட சொன்னது அத்தனையும் புரிஞ்சுது. சின்ன அடிதானாம். திங்கக்கிழமையே வேலை செய்வேனாம்."

"நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"டாக்டர் என் பக்கம் திரும்பி, வலிக்குதான்னு கேட்டாரு. சூப்பர்வைசர் என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. ஊருக்கு அனுப்பிட்டா என்ன பண்றது?"

"என்ன சொன்னீங்க?"

அவர் புத்தகத்தை மூடினார்.

"கிளாஸ்ல சொல்லிக்கொடுத்த மாதிரி முழு வாக்கியமா, தப்பே இல்லாம சொன்னேன். ஐ ஹேவ் நோ பெயின், டாக்டர்."