இறந்தவர் பெயரை அழைக்காத குரல்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ரெங்கசாமி ஐயா அவர்களே, வேட்பாளர் திருப்பதி ஐயா அவர்களே, அமிர்தவல்லி அத்தையின் குரலைக் கேட்டுப் பழகிய என் ஊர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் பிரகதீஸ்வரி. பதினோராம் வகுப்புப் படிக்கிறேன். நான் இங்கே பேசுவதையும், பேசும்போது நடப்பதையும் ஒன்றுவிடாமல் உண்மையாகக் குறிப்பேட்டில் எழுதுவேன் என்று அத்தையின் படத்தின் முன் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இந்தக் கூட்டத்துக்கு உங்களை அழைத்தது யார்? நோட்டீஸ் ஒட்டவில்லை. ஆட்டோவில் மைக் கட்டவில்லை. நேற்றுச் சாயங்காலம் உங்கள் வாட்ஸப்பில் ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டுச் சரண்யா அக்காவிடம் அது, "சரண்யா, நாளைக்கு அஞ்சு மணிக்கு எனக்கு இரங்கல் கூட்டம் வச்சிருக்காங்க. வந்துரு ஆத்தா" என்றது. அது அத்தையின் குரல். அத்தை இறந்து இன்றோடு ஒன்பது நாள்.

பேச்சாளர் அமிர்தவல்லி அம்மையாரை அறியாதவர் கட்டுமாவடி வரைக்கும் உண்டா? இருபத்தாறு ஆண்டுகள் மேடை ஏறியவர். புயலடித்துப் பதினொரு நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அப்போது தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வருகிறது என்று மைக் இல்லாமல் நடந்து நடந்து கூவிச் சொன்னது யார்? அதில் தொண்டை கட்டி, ஒரு மாதம் பேச்சு வராமல் இருந்தது யார்?

இந்தத் தேர்தலில் மற்றக் கட்சிக்காரர்கள் ஒரே செய்தியை ஊருக்கே அனுப்பினார்கள். அத்தை அப்படிச் செய்யவில்லை.

"அன்பார்ந்த வாக்காளர்களேன்னு சொன்னா எவன் திரும்பிப் பாப்பான்? பேரச் சொல்லிக் கூப்புடணும் ஈஸ்வரி. பேரச் சொன்னா வந்துதான் ஆகணும்" என்றார்.

பள்ளி விட்டதும் நான் வாக்காளர் பட்டியலை வாசிப்பேன். அவர் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பேசிப் பதிவு செய்வார். முதலில் பெயர், பிறகு உறவு, பிறகு ஒரு விசாரிப்பு. கடைசியில்தான் ஓட்டு. "செல்லமுத்து மாமா, முழங்கால் வலி தேவலையா? வியாழக்கெழம வெயில் ஏறுறதுக்குள்ள போயிருங்க. கண்ணாடிய மறந்துட்டு வேற சின்னத்துல அமுக்கிறாதீங்க." இப்படி நானூற்றுப் பதினொரு பேருக்கு.

பட்டியலில் இருந்ததோ நானூற்று முப்பத்தைந்து பெயர்கள். "நாகராசு" என்று நான் வாசித்ததும் அத்தை சட்டென்று என் வாயைப் பொத்தினார்.

"அவரு போயி மூணு வருசமாச்சு. செத்தவுக பேரக் கூப்புடக் கூடாது."

"பட்டியல்ல இருக்கே அத்தை?"

"பேரச் சொன்னா வந்துதான் ஆகணும்னு சொன்னேன்ல."

அந்தப் பெயரின் மேல் பென்சிலால் கோடு போட்டார். அப்படி இருபத்து மூன்று கோடுகள்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். அத்தை இறந்த மறுநாள், திருப்பதி ஐயாவின் சமூக ஊடக வேலைகளைப் பார்க்கும் பிரவீன்குமார் அண்ணன் வந்தார். "அஞ்சலி வீடியோ போட்டு எல்லாருக்கும் அனுப்பணும், பதிவையும் லிஸ்டையும் குடு பாப்பா" என்றார். நான் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். அந்தக் கோடுகள் எனக்கு அசிங்கமாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துச் சுத்தமாகக் கொடுத்தேன்.

அந்தப் பதிவுகளிலிருந்து பிரவீன்குமார் அண்ணனின் கணினி அத்தையைப் போலவே பேசும் ஒரு குரலைச் செய்துகொண்டது. பட்டியலில் இருந்த எல்லோரையும் அழைத்தது.

நாகராசு ஐயாவின் பழைய கைபேசியை அவர் மனைவி கண்ணாத்தாள் அம்மா இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். "நாகராசு அண்ணே, சாப்டீங்களா? வியாழக்கெழம கெளம்பி வந்துருங்க" என்று அதில் அத்தையின் குரல் வந்திருக்கிறது. கண்ணாத்தாள் அம்மா அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டார். அன்றிலிருந்து கதவைத் தாழிடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "வாரவுகள வாசல்ல நிக்க வைக்கலாமா?" என்றார்.

இன்று நான்கு மணிக்குப் படத்தின் கீழே இருக்கும் அத்தையின் கைபேசியும் ஒலித்தது. அவர் பெயரும் பட்டியலில் இருக்கிறதே. "அமிர்தவல்லி, கெளம்பிட்டியா?" என்று அத்தையின் குரல் அத்தையைக் கேட்டது. மாலை கட்டிக்கொண்டிருந்த எல்லோரும் கேட்டோம்.

திருப்பதி ஐயா, அத்தை உங்களுக்காகத்தான் பேசினார். உயிரோடு இருப்பவர்களிடம், உயிரோடு இருந்து பேசினார். இந்தக் குரலை நிறுத்துவீர்களா?

இந்த இடத்தில் திருப்பதி ஐயா உட்கார்ந்தபடியே, "இன்னும் மூணு நாளுதானம்மா. அந்தக் கொரலுக்குத்தான் சனம் அசையுது" என்றார்.

பின்வரிசையிலிருந்து செல்லமுத்து மாமா எழுந்தார். "அசையல மாப்ள, பயந்து வந்திருக்கோம். வராட்டி வீட்டுக்கு வந்துருவாளோன்னு."

யாரும் சிரிக்கவில்லை. திருப்பதி ஐயா பிரவீன்குமார் அண்ணன் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் அழிச்சிரு தம்பி" என்றார். பிரவீன்குமார் அண்ணன் மேடையிலேயே லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் அழித்தார். "இனி ஒண்ணும் போகாதுண்ணே" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அத்தை, உங்கள் வேலையை நான் தொடர்வேன். இந்த மூன்று நாளும் வீடு வீடாகப் போய், பெயர் சொல்லி, என் சொந்தக் குரலில் பேசுவேன். அழித்த இருபத்து மூன்று கோடுகளையும் மறுபடி போட்டுவிட்டேன். இதோ, இருபத்து நான்காவதை உங்கள் பெயரின் மேல் போடுகிறேன்.

நான் பென்சிலைக் கீழே வைத்ததும், முன்வரிசையில் இருந்த கண்ணாத்தாள் அம்மா கேட்டார்: "அப்ப இனி எங்க வீட்டுக்காரர யாரும்மா கூப்புடுவா?"

மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்படி ரெங்கசாமி ஐயா சொன்னார். அப்போது, லேப்டாப்பை யாரும் தொடாமலே, கண்ணாத்தாள் அம்மாவின் மடியில் இருந்த நாகராசு ஐயாவின் கைபேசியில் வெளிச்சம் வந்தது. அவர் எழுந்திருக்காமல், அதை எடுத்து மெதுவாகக் காதில் வைத்துக்கொண்டார். அஞ்சலிக்காக மண்டபத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டன.