ஹாம்ஸ்டருக்கு ஒப்பரேசன்

மன்னார் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த ஒரு வயதான அம்மாவின் மடியில் ஒரு சிறு கம்பிக்கூடு. முருங்கனில் ஏறிய ஒருவர் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து உள்ளே பார்த்தார்.

“எலியோ?”

“ஹாம்ஸ்டர், வீட்டில வளர்க்கிற எலிச்சாதி. கர்ப்பப்பையில சீழ் பிடிச்சு, ஒப்பரேசன் செய்து எடுத்தது.”

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“இவ்வளவு சின்னதுக்கோ? ஆர் செய்தது?”

“என்ர மகள். மிருக வைத்தியர். மாட்டுக்கு எத்தினையோ செய்திருக்கிறாள். இவ்வளவு சின்னதுக்கு இதுதான் முதல்.”

“நீங்களும் நிண்டனீங்களோ?”

“வெளியில இருந்து செபமாலை சொன்னனான்.”

“உந்தச் சீவனுக்கோ?”

“சீ, இல்லை. மகளின்ர கை நடுங்கக் கூடாதெண்டு.”

“பிறகு?”

அம்மா கூட்டை மற்றவரின் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

“நடுங்கேல்லை. வயித்துத் தையலைப் பாருங்கோ.”