எல்லம்மா வீட்டுப் பக்கம் திருப்பிய ஒலிபெருக்கி

இந்த ஏரிக்கரை இசை விழாவின் நிறைவு மாலைக்குத் தலைமை ஏற்று, வந்தவர் அனைவருக்கும் மோர் கொடுத்த பிறகே தமக்கென்று ஒரு நாற்காலி தேடிய ஊர்த் தலைவர் கிருஷ்ணன் ஐயா அவர்களே! உப்புக் காற்றிலும் உறுதி தளராத இந்தத் தோணிரேவு ஊர்ப் பெரியோர்களே! விடியுமுன் ஏரியில் இறங்கி, இடுப்பளவு நீரில் இறால் தடவி, வெயில் ஏறுமுன் சந்தைக்கும் போய்வந்து, அத்தனை அலுப்பையும் உதறிவிட்டு இரண்டு நாளும் இந்த மணலில் அமர்ந்து பாட்டுக் கேட்ட என் தாய்மார்களே! நடவு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அனுப்பம்பட்டிலிருந்தும் எளாவூரிலிருந்தும் வந்திருக்கும் உழவர் பெருமக்களே! நாற்காலி கிடைக்காமல் தோணி விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே! நீரும் நெல்லும் ஒன்றாய் நிறைந்திருக்கும் இந்த அவைக்கு என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

தம்பி, அந்தத் தோணி ஒரு பக்கமாகச் சாய்கிறது. இரண்டு பேர் மட்டும் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள். நன்றி. நான் பேசி முடிக்கும் வரையிலாவது அது கவிழாமல் இருக்கட்டும்.

என் பெயர் விஜயராகவன். குடியிருப்பது அனுப்பம்பட்டு. பொன்னேரியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியன். எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சிரிக்கிறீர்கள். என் வகுப்பில் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது.

எத்தனையோ இசை அரங்குகளை நான் பார்த்திருக்கிறேன். குளிரூட்டிய கூடங்களைப் பார்த்திருக்கிறேன், கும்பிட்டு வரவேற்கும் வாயில்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வரிசைக்கு ஒரு சீட்டு, மூன்றாம் வரிசைக்கு ஒரு சீட்டு என்று மனிதர்களை மடித்து அடுக்கிவைக்கும் மண்டபங்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே என்ன இருக்கிறது? சுவர் இருக்கிறதா? இல்லை. வாசல் இருக்கிறதா? இல்லை. நீ யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்க ஆள் இருக்கிறதா? அதுவும் இல்லை. நேற்றுக் காலை மாதா கோயில் பிள்ளைகளின் டிரம்பெட் முழங்கியது. அது அடங்குமுன் உள்ளூர்ப் பம்பை எழுந்தது. பிற்பகல் எங்கள் பக்கத்து நாதசுர இணை நின்று வாசித்தபோது, நண்டு வாங்க வந்த வியாபாரி ஒருவர் நண்டையும் மறந்து, வண்டியையும் மறந்து, மாலை வரை மணலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து பார்த்தபோது நண்டெல்லாம் கூடையை விட்டு நடந்து போயிருந்தன. அவர் வருந்தவில்லை. நானே பார்த்தேன்.

இந்த விழாவை எடுத்தவர் யார்? பெரும் செல்வரா, பெயர் பெற்ற நிறுவனமா? பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நடுவே நாள்தோறும் ஷேர் ஆட்டோ ஓட்டும் தினகரனும் அவருடைய கூட்டாளிகள் ஆறு பேரும். ஆட்டோவின் பின் இருக்கையில் கிடார் வைத்துக்கொண்டு, சவாரிக்குச் சவாரி இடைவெளியில் பழகியவர் அவர். கை தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். ஆனால் நான் இங்கே நிற்பது அவரைப் புகழ்வதற்கு மட்டும் இல்லை. நேற்று நான் செய்த ஒரு பிழையை உங்கள் முன் சொல்லவும் நிற்கிறேன்.

மேடைக்குப் பின்னால் ஐம்பது அடியில் நீல ஓடு போட்ட ஒரு வீடு தெரிகிறதே, அது எல்லம்மாவின் வீடு. நண்டு உடைத்துச் சதை எடுத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. அவர் கணவர் பால்ராஜ். கடந்த தை மாதம், தோணியில் மோட்டாரை இழுத்துக் கிளப்பும்போது அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். சென்னையில் பெரிய ஆசுபத்திரியில் இருபது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலக்கை போயிற்று, வலக்கால் பாதி போயிற்று, பேச்சு முழுவதும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு ஒலி. 'தா'. கஞ்சி வேண்டுமா என்றாலும் 'தா'. மாத்திரை கசக்கிறதா என்றாலும் 'தா'. எட்டு மாதமாக அந்த வீட்டில் எல்லம்மா மட்டும் பேசிக்கொண்டிருந்தார். பேசிப் பேசி, பிறகு அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

நேற்றுக் காலை பத்து மணி. தினகரன் குழுவினர் ஒலிபெருக்கியைச் சரிபார்க்க ஒரு பாட்டை எடுத்தார்கள். அம்பாப் பாட்டு, அதாவது வலை இழுக்கும்போது கையும் கையும் ஒன்றாய்ச் சேர்வதற்காகத் தோணிக்காரர் பாடும் பாட்டு. டிரம்ஸ் அடிப்பவர் இன்னும் வந்து சேரவில்லை. வெறும் கிடாரை வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடிப் பார்த்தார்கள்.

'வாடைக் காத்தே வழிய விடு,
வலையில மடவை நெறைய விடு,
கரையில அவ காத்திருக்கா,
கயித்த இழு, கையக் கொடு.'

அப்போது அந்த நீல வீட்டிலிருந்து எல்லம்மா வருகிறார். தலை கலைந்திருக்கிறது. கையில் நண்டுச் சதை ஒட்டியிருக்கிறது. ஓட்டமும் நடையுமாக மேடையை நோக்கி வருகிறார். நான் என்ன நினைத்தேன்? நோயாளி இருக்கும் வீடு, சத்தம் தாங்காமல் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் வாய் திறப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது. நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று கை காட்டினேன். பாட்டு அந்த இடத்திலேயே அறுந்தது. நான் முன்னால் போய், மன்னிக்க வேண்டும் அம்மா, இனி இந்தப் பக்கம் சத்தமே வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று பெரிய மனிதனைப் போல வாக்குக் கொடுத்தேன்.

எல்லம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"நான் நிறுத்த சொன்னேனா வாத்தியாரே? இன்னாத்துக்கு நிறுத்துன? இப்பதான் அவரு வாய தொறந்து பாடினாரு. நீ நிறுத்திட்ட."

அடுப்படியில் இருந்தவருக்கு உள்ளே யாரோ ஆண் குரல் கேட்டிருக்கிறது. யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று பயந்து எட்டிப் பார்த்தால், கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் பாட்டோடு சேர்ந்து முனகிக்கொண்டிருக்கிறார். முனகல்தான், ஆனால் 'தா' இல்லை. சொல். என்ன சொல் என்று பிடிபடவில்லை. அதைக் கேட்ட எல்லம்மா, பாட்டை விடாமல் பாடச் சொல்லத்தான் ஓடிவந்திருக்கிறார். நான் அதை அறுத்துவிட்டேன்.

இரக்கம் காட்டுகிறேன் என்று நினைத்து, ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொருவருக்காக முடிவெடுக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? என்னைப் போன்ற படித்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

உடனே தினகரன் பதற்றத்தில் வேகவேகமாக மறுபடி பாடினார். வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. மாலை ஐந்து மணிக்கு முழு வாத்தியங்களோடு பாடினார்கள். டிரம்ஸ் அதிர்ந்தது, நீங்கள் எல்லாரும் எழுந்து ஆடினீர்கள். நான் மட்டும் அந்த நீல வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லம்மா கதவோரம் நின்று உள்ளே பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் இல்லை என்று தலையசைத்தார். அந்த ஒரே தருணத்தையும் நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று வீட்டுக்குப் போன பிறகும் மனம் ஆறவில்லை.

ஊர்ச் சுகாதாரச் செவிலியர் வித்யா இங்கே இருக்கிறார். அவரிடம் கேட்டேன். மூளையில் பேச்சுக்கு உள்ள இடம் அடிபட்டாலும், பாட்டு வேறு வழியாக வெளியே வருவதுண்டு, பேச முடியாத சிலர் பாடுவதைத் தாமே கண்டிருப்பதாகச் சொன்னார். நோய் தீர்ந்துவிட்டது என்று அந்த அம்மாவுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார்.

இன்று காலை எட்டு மணிக்கே மன்னிப்புக் கேட்க எல்லம்மாவின் வீட்டுக்குப் போனேன். தினகரனும் வந்தார். அந்த அம்மா மன்னிப்பைக் காதிலேயே வாங்கவில்லை. ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததைத் தினகரனிடம் சொன்னார்.

"காலையில மொதல்ல மெதுவா பாடுனீங்க. அவரு வார்த்தைய தேடி எடுக்குறதுக்கு டைம் இருந்துச்சு. அப்பறமும் சாயங்காலமும் ஓடுனீங்க. கூட ஓடுறதுக்கு அவருக்கு கால் ஏது?"

அவையோரே, நான் முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன். தினகரன் பத்து ஆண்டு இசை பழகியவர். வித்யா மருத்துவம் அறிந்தவர். எங்கள் மூவருக்கும் தோன்றாதது, எட்டு மாதம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பெண்ணுக்குத் தோன்றியது. இதை அறிவு என்பதா? அன்பு என்பதா? இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்ட பிறகு பிரித்துப் பெயர் வைக்க நான் யார்?

இன்று காலை பத்து மணிக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். எளாவூரிலிருந்து பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தினகரன் ஓர் ஒலிபெருக்கியைக் கழற்றி நீல வீட்டுப் பக்கம் திருப்பிவைத்தார். டிரம்ஸ் வேண்டாம் என்றார். மேடை ஏறி உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். எல்லாரும் பாடுங்கள், ஆனால் நனைந்த வலையை இழுப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பாடுங்கள் என்றார். நீங்கள் பாடினீர்கள். முந்நூறு பேர் ஒரு மனிதருக்காகத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

முதல் அடி போயிற்று. இரண்டாம் அடி போயிற்று. மூன்றாம் அடியில் உங்கள் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் வந்தது. கரகரத்த குரல், கரையேறத் தவித்த குரல். தினகரன் கையைத் தாழ்த்தினார். நீங்கள் பாட்டை விடாமல் தணித்தீர்கள். அப்போது அந்தச் சொல் எல்லார் காதிலும் விழுந்தது.

'கரையில எல்லம்மா காத்திருக்கா.'

பாட்டில் உள்ள சொல் 'அவ'. அவர் பாடியது 'எல்லம்மா'. பாட்டை மாற்றிப் பாடுகிறாரே என்று பக்கத்திலிருந்த தலைவர் கிருஷ்ணன் ஐயாவிடம் கேட்டேன். ஐயா, நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லட்டுமா? சரி.

"இது ஒண்ணும் புச்சு இல்ல வாத்தியாரே. இருபது வருசமா தோணியில அவன் அப்பிடித்தான் பாடுவான். நாங்கோ கிண்டல் பண்ணுவோம். கரையில அவளாண்ட சொல்லாதீங்கடான்னு கெஞ்சுவான். நாங்களும் சொன்னதே இல்ல."

இருபது ஆண்டு! நடு ஏரியில், நான்கு ஆண்களுக்கு நடுவில், நாள்தோறும் பாடப்பட்ட பெயர். அந்தப் பெயருக்கு உரியவருக்கு அது தெரியாது. எல்லம்மா தோணியில் போனதில்லை. வெட்கத்தால் கணவர் வீட்டில் ஒருநாளும் சொல்லாத ஒன்றை, பேச்சு போன பிறகு பாட்டு கொண்டுவந்து அவர் வாசலில் இறக்கியிருக்கிறது. நான் திரும்பிப் பார்த்தேன். எல்லம்மா அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடியைக் கணவரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒன்று கேளுங்கள். மதியம் கஞ்சி கரைத்த எல்லம்மா, அதே மெட்டில் 'கஞ்சி வேணுமா, கரைச்சு வெச்சேன்' என்று இழுத்துப் பாடியிருக்கிறார். உள்ளேயிருந்து அதே மெட்டில் பதில் வந்ததாம். 'வேணாம்... டீயக் குடு.' ஆமாம், சிரியுங்கள், எல்லம்மாவும் சிரித்தாராம். எட்டு மாதம் கஞ்சியே குடித்தவருக்கு டீ வேண்டும் என்று சொல்ல இன்றுதான் வழி கிடைத்திருக்கிறது. மெட்டில்லாமல் கேட்டால் இப்போதும் 'தா'தான் வருகிறது. இன்னும் பயிற்சி வேண்டும், நாளாகும் என்கிறார் வித்யா. மருத்துவமனையில் அதற்கென்று இருப்பவர்களிடம் அவரே அழைத்துப் போகப் போகிறார். நானும் உடன் போகிறேன்.

அருமை மக்களே, இப்போது சொல்லுங்கள். இந்த விழாவுக்கு ஒரு சுவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு சீட்டு இருந்திருந்தால், ஒரு காவலாளி இருந்திருந்தால், நாலு பக்கமும் மூடிய நல்ல கூடம் ஒன்று இருந்திருந்தால்? நாம் இனிமையாகக் கேட்டிருப்போம், இனிமையாகக் கலைந்திருப்போம். கட்டிலை விட்டு இறங்க முடியாத அந்த மனிதரை அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்திருக்குமா? இசையைத் தேடிப் போகக் கூடியவனுக்கு ஆயிரம் அரங்கு உண்டு. தேடிப் போக முடியாதவனைத் தேடி வந்த இசை இது. திறந்த வெளியில் பாடினார்கள், அதனால் திறந்தது ஒரு வாய். இதைவிடப் பெரிய பரிசை எந்தச் சபை எந்தப் பாடகனுக்குக் கொடுத்துவிட முடியும்?

தினகரா, நீயும் உன் நண்பர்களும் என்ன செய்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. வயதில் மூத்தவன், கைகூப்பிச் சொல்கிறேன்: நீங்கள் நீடு வாழ வேண்டும்.

பால்ராஜ் அவர்கள் இதோ முதல் வரிசையில், நாலு பேர் தூக்கிவந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் எல்லம்மா. அவர்கள் வீட்டுக் கதையை மேடையில் சொல்லலாமா என்று இந்தமுறை முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். அதற்கு அந்த அம்மா சொன்னார்:

"சொல்லு வாத்தியாரே. அடுத்த வருசமும் ஒரு ஸ்பீக்கர எங்க வூட்டுப் பக்கம் வைக்கணும்னு அதையும் சேத்து சொல்லு."

சொல்லிவிட்டேன். தீர்மானமாகவே இந்த அவையின் முன் வைக்கிறேன். ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள்.

தலைவர் அவர்களே, எண்ண வேண்டியதில்லை. தாழ்ந்த கை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. பால்ராஜ் அண்ணனும் இடக்கையை உயர்த்தியிருக்கிறார். பேச இடம் தந்த ஊருக்கும், பிழையைப் பொறுத்த வீட்டுக்கும், மெதுவாகப் பாடிய உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.