வள்ளியைத் தேடி வந்தவர்

ஜப்பான் விமானங்கள். பக்கத்து அறையில் தையல் மிஷின் ஓடுவதுபோல் முதலில் ஓர் இரைச்சல். ரங்கூன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சம்.

"குழியில குதி! மேரி, குதி!"

என் கணவர் ஜோசப் கத்துகிறார். நான்கு வயது மகன் அந்தோணியின் வாயைப் பொத்திக்கொண்டு குதிக்கிறேன். ஒரு விசில் சத்தம். தரை தூக்கிப்போடுகிறது. எழுந்து பார்த்தேன். எங்கள் வரிசையில் வீடுகள் இல்லை.

கப்பலில் இடம் கிடைக்கவில்லை. வடக்கே நடந்தோம். மலைப்பாதையில் ஜோசப்புக்குப் பேதி கண்டது. "புள்ளையத் தூக்கிக்கினு நீ போ" என்றார். நான் போகவில்லை. மறுநாள் அவர்தான் போனார். பிறகு அந்தோணிக்குக் காய்ச்சல். நடந்துகொண்டே ஜெபமாலை சொன்னேன். ஒரு மணியையும் விடவில்லை. என் தோளிலேயே இறந்தான்.

அன்றோடு ஜெபத்தை நிறுத்தினேன்.

இன்னும் மேலே ஒரு திருப்பம். பாறையில் சாய்ந்தபடி ஒரு பெண். உயிர் இல்லை. பக்கத்தில் ஒரு சிறுமி. மூன்று வயது இருக்கலாம். அழவில்லை. பேசவில்லை. என் சேலையைப் பிடித்தாள். தூக்கிக்கொண்டேன். லூர்து என்று நானே பெயர் வைத்தேன்.

பெங்களூர். தொம்மலூரில் ஜோசப்பின் அண்ணன் வீடு. அண்ணி ரோஸ் சோறு போட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். கேள்வியும் கேட்டாள்.

"உனக்குப் பையன்னுதானே கேள்விப்பட்டோம்?"

"பையன் செத்துட்டான் அக்கா. இது என் பொண்ணு."

அவள் நம்பவில்லை. நானும் அவளை நம்பவில்லை. பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. முரட்டுத் துணி. விரல் நுனியெல்லாம் ரத்தம். அரிசிக்கு வரிசை. தண்ணீருக்கு வரிசை. எல்லா வரிசையிலும் லூர்து என் இடுப்பில். யார் அவளைப் பார்த்துச் சிரித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஞாயிறுதோறும் ரோஸ் கோவிலுக்கு இழுத்துப் போவாள். முழங்காலில் நிற்பேன். உதடு அசையாது. கடவுள்மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு நாள் குழாயடியிலிருந்து ரோஸ் ஓடி வருகிறாள்.

"சந்தாபுரா ஆளாம், முருகேசன்னு பேரு. பர்மாவுல இருந்து நடந்து வந்தவனாம். பொண்டாட்டியும் பொண்ணும் வழியில தொலைஞ்சு போயிட்டாங்களாம். பொண்ணுக்கு மூணு வயசாம். வீடு வீடா விசாரிக்கிறான்."

கதவைத் தாழிட்டேன். பிள்ளை பிடிக்கிறவனாக இருப்பான். ரோஸே வரச் சொல்லியிருப்பாள். கதவு தட்டப்பட்டது. லூர்துவின் வாயைப் பொத்தினேன். பேசாத குழந்தையின் வாயை.

"அம்மா! உள்ள யாராவது இருக்கீங்களா?"

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. ரோஸ் என்னையே பார்த்தாள். அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. "அடுகோடியில, கொல்லுப் பட்டறையில தங்கியிருக்கானாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு. கோவிலில் என் உதடு தானாக அசைந்தது. 'அவன் பொய்யனா இருக்கணும் ஆண்டவரே.' மலைக்குப் பிறகு நான் கேட்ட முதல் வரம் அது. எல்லோரும் கர்த்தர் கற்பித்த ஜெபம் சொன்னார்கள். நானும் சொன்னேன். 'உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. ஒரு தகப்பன் தெருத் தெருவாக அலைகிறான். கதவுக்கு இந்தப் பக்கம் நான். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. எழுந்து வெளியே வந்தேன்.

அடுகோடிக்கு நடந்தே போனோம். ரோஸும் கூட வந்தாள். பட்டறை வாசலில் முருகேசன் கரி அள்ளிக்கொண்டிருந்தார். லூர்துவைப் பார்த்ததும் கூடை கீழே விழுந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் முகத்தைத் தொட்டார். இடது காதை மடக்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். வலது காதையும் பார்த்தார்.

"இல்லம்மா." காதை விட்டார். "எம் பொண்ணுக்குக் காதுக்குப் பின்னால தழும்பு இருக்கும். இவ வள்ளி இல்ல."

சந்தோஷம். அதை மறைக்க முடியவில்லை. அதே நேரம் அவர் மண்ணில் உட்கார்ந்து அழுகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்குக் கதவத் தொறக்காம உள்ளதான் இருந்தேன் அண்ணே."

"தெரியும்மா. குழந்த இருமிச்சு. பயந்தவங்கள எதுக்குப் பயமுறுத்தணும்னு போயிட்டேன்." கண்ணைத் துடைத்தார். "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

அங்கேயே, கரித்தூளில் முழங்காலிட்டேன். வள்ளிக்காக. நின்ற வரியிலிருந்து தொடங்கினேன். இந்த முறை முடிவுவரை வந்தது. அன்றாடம் தைக்கிறேன், வரிசையில் நிற்கிறேன், ஜெபம் சொல்கிறேன். என் மகனை ஏன் எடுத்தார் என்று இன்னும் விளங்கவில்லை. கதவு தட்டினால் இன்றும் ஜன்னல் வழியாகத்தான் முதலில் பார்க்கிறேன். பிறகு திறக்கிறேன்.

இழந்ததையெல்லாம் மறக்காமல் இருக்க எழுதுகிறேன். ரங்கூனில் எங்கள் வீடு. ஆற்றைக் கடக்கப் படகுக்காரனிடம் கழற்றிக் கொடுத்த தாலி. ஜோசப், என் கணவர். அந்தோணி, என் மகன். இருவருக்கும் கல்லறை இல்லை. பாறையருகே இருந்த அந்தத் தாய். அவள் தன் மகளுக்கு வைத்திருந்த பெயர். முருகேசனின் மனைவி, அவள் இறந்ததைப் பார்த்தவர்கள் பிறகு வந்து சொன்னார்கள்.

வள்ளியையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று முருகேசனைக் கேட்டேன். வேண்டாம் என்றார். சேர்க்கவில்லை.