சாட்சிக் கோடு

தோட்டத்து ரயிலுக்குப் பெட்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் பெயிண்டில்தான் கோட்டை விடுகிறார்கள். மரத்தை இழைத்து, இரும்பைக் கடைந்து, ஆறு மாதம் பாடுபட்டுவிட்டு, கடைசி ஒரு வாரம் பொறுக்க மாட்டாமல் ஒரே நாளில் இரண்டு பூச்சு அடித்துவிடுவார்கள். முதல் மழைக்கே உரிந்துகொண்டு வரும். நான் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே மூன்று நாள் விடுகிறவன். அவசரப்பட்டு எதையும் செய்ததில்லை. அதிகாரி அவர்களே, இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைத் தம்பி என்று கூப்பிடும் வயது எனக்கு உண்டு. ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

உங்கள் அறிக்கையைப் படித்தேன். நாலாம் பக்கத்தில், விபத்துக்குக் காரணம் சக்கரம் கவனக்குறைவாகப் பொருத்தப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ரயில் பெட்டிப் பணிமனையில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பதினோரு வருஷம் போர்மேன். என் கையெழுத்தோடு வெளியே போன பெட்டி ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை. பஸ் பிடித்து நானாக வந்தேன்.

சம்பந்தியை, அதாவது என் மகளின் மாமனாரை, நீங்கள் மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர். வீட்டுக்குப் பின்னால் சரிவான தோட்டம். அதில் ஏழே கால் அங்குல அகலத்தில் தண்டவாளம் போட்டிருக்கிறார். எல்லாம் அசலில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் பொம்மை என்று நினைக்காதீர்கள். பெட்டியின் மேல் குதிரையில் உட்காருவதுபோல் இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம். மேல்தளத்தில் புல்வெளியைச் சுற்றி ஒரு வட்டம். அங்கிருந்து ஒரு கிளைப்பாதை சரிவில் இறங்கி, இரண்டு ஆள் உயரக் கல்தூண் பாலத்தின் மேல் வளைந்து, ஓடையைக் கடந்து திரும்பும்.

அவருக்கு நாலு பெட்டி செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் நானூற்றுப் பன்னிரண்டு பித்தளை ரிவெட் ஆணி. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே பன்னிரண்டு நண்பர்கள் அங்கே கூடுவார்கள். அதில் ஒரு பல் டாக்டர், சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு விசில் ஊதுவார். அவரை எல்லோரும் ஸ்டேஷன் மாஸ்டர் என்பார்கள். எஞ்சின் பேட்டரியில் ஓடுவது. ரிமோட்டும் அவர் கையில்தான் இருக்கும்.

அங்கே இரண்டு வழக்கம் உண்டு. இரண்டும் என்னால் வந்தவை. பணிமனையில், சக்கரத்தை அச்சில் அழுத்தி ஏற்றியதும், சக்கரத்திலிருந்து அச்சின் முனைவரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். சக்கரம் மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். சாட்சிக் கோடு என்று பெயர். சம்பந்தி அதை என்னிடம் கற்றுக்கொண்டு ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் முழங்காலிட்டு, டார்ச் அடித்துக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "சாட்சி சரி" என்பார். இன்னொரு வழக்கம், புதுப் பெட்டியில் முதல் ஆளாக அவர் மட்டும் ஏறுவார். மேலே இரண்டு சுற்று முடிந்ததும், பெட்டியைச் செய்தவர் தடம் மாற்றும் நெம்புகோலைத் திருப்பிக் கிளைப்பாதையில் இறக்கி விட வேண்டும். செய்தவருக்கு அது ஒரு கௌரவம்.

போன வருஷம் என் மகள் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலையை விடுவதா வேண்டாமா என்று மாப்பிள்ளையோடு தகராறு. பெரிய விஷயம் எதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு நான் வழக்கம்போல் அங்கே போனேன். போகாமல் இருந்தால் முகத்தை மறைத்துக்கொண்டோம் என்று பேச்சு வரும். யாரோ ஒருவர், "மருமகளைக் காணோமே?" என்று கேட்டார். சம்பந்தி எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"சம்பந்தி செஞ்ச பெட்டி ஒண்ணுகூட இதுவரைக்கும் தடம் புரண்டதில்ல. அவரு பெத்த பொண்ணுதான் தடம் புரண்டுருச்சு."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். அதற்கும் சிரித்தார்கள். நான் கையில் இருந்த தேநீரைக் கடைசிவரை குடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் வீட்டில் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

மறுநாள் காலை ஐந்தாவது பெட்டிக்குச் சட்டம் அறுக்க ஆரம்பித்தேன்.

இன்னொரு பெட்டி செய்கிறேன் என்று நான் சொன்னதும் சம்பந்திக்கு ஒரே சந்தோஷம். "ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியா வைக்கணும்னு தெரியணும், உங்க எடை என்ன?" என்று கேட்டேன்.

"தொண்ணூத்தாறு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல கேட்டா எண்பத்தஞ்சுன்னு சொல்லுங்க. அவ சோத்துல கை வச்சிருவா," என்றார்.

நல்ல மனிதர்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை.

அந்தப் பெட்டிதான் நான் செய்தவற்றில் சிறந்தது. நீங்கள் அதை உடைந்த நிலையில் பார்த்தீர்கள், அது எனக்கு வருத்தம். மூன்று சக்கரங்களை இயந்திரத்தில் அழுத்தி ஏற்றினேன். நாலாவதை அச்சில் கையால் தள்ளினால் போகிற அளவுக்குத் தளர்வாகக் கடைந்து, பசை வைத்து நிறுத்தினேன். என் கொட்டகையில் சின்னதாகத் தண்டவாளம் போட்டு, மணல் மூட்டைகளை ஏற்றி, ஐந்து வாரம் சோதித்தேன். காலிப் பெட்டிக்குத் தாங்கும். சமதளத்தில் மெதுவாகப் போனாலும் தாங்கும். சரிவில் வேகமெடுத்து, தொண்ணூறு கிலோவோடு வளைவில் சாய்ந்தால் ஒரு நக அகலம் நகரும். அந்த நக அகலம் போதும். நாலு சக்கரத்துக்கும் சாட்சிக் கோடு இழுத்தேன். கோடு பொய் சொல்லாது. சக்கரம் நகரவில்லை என்று மட்டுந்தான் அது சொல்லும். எப்படி ஏற்றியது என்று சொல்லாது. அது அவருக்குத் தெரியாது. அவருக்குக் கோட்டை நம்பச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

நடுவே ஒரு நாள் மகள் கொட்டகைக்கு வந்தாள். மாப்பிள்ளையோடு சமாதானமாகிவிட்டதாம். கிளம்புகிறேன் என்று சொல்ல வந்திருந்தாள்.

"நல்லது," என்றேன்.

"அப்பா, மாமா அன்னிக்கு ஏதோ உளறிட்டாரு. அடுத்த நாளே எனக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுட்டாரு. எனக்கே மறந்துபோச்சு. நீங்க ஏன் இன்னும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

"என் மூஞ்சியே இப்படித்தான்மா."

அவள் சிரித்தாள். காயாத பெயிண்டில் விரல் வைக்கப் போனாள், கையைத் தட்டிவிட்டேன். சின்ன வயதிலும் அப்படித்தான், எதையும் தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டது போனில், தனியாக. சிரித்தது பன்னிரண்டு பேர். அவளுக்கு மறந்துபோனது அவள் பாடு. அவமானம் அவள் ஒருத்தியுடையதாக இருந்தால் அவள் மறக்கலாம். அது குடும்பத்துடையது. மூன்றாவது பூச்சு அடித்தேன்.

அந்த ஞாயிறு வெயில் இதமாக இருந்தது. பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கேமராவோடு நின்றார், பக்கத்தில் என் மகள். சம்பந்தி முழங்காலிட்டு நாலு கோட்டையும் பார்த்து, "சாட்சி சரி" என்றார். எழுந்தவர் பெட்டியில் ஏறவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. போன வருஷம் இதே இடத்துல என் மருமகளப் பத்தி ஒரு வார்த்தை விட்டேன். நீங்களும் சிரிச்சீங்க. சொன்ன நானும் முட்டாள், சிரிச்ச நீங்களும் முட்டாள். சம்பந்தி அன்னிக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல, அதுதான் பெரிய மனுஷத்தனம். இந்தப் பெட்டியில முதல் சவாரி நான் இல்ல. உக்காரும்மா."

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். நான் கேட்டது அவ்வளவுதான். ஒரு வருஷமாக நான் கேட்டது அந்தப் பன்னிரண்டு பேர் முன்னால் அந்த ஒரு பேச்சுதான். அது எனக்குக் கிடைத்துவிட்டது.

மகள் ஏறி முன்னால் உட்கார்ந்தாள். அவள் ஐம்பத்துநாலு கிலோ. பசை தாங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். அப்போது அவள் திரும்பி, "நீங்களும் வாங்க மாமா, எனக்குப் பயமா இருக்கு," என்றாள். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். நூற்றைம்பது.

நான் நெம்புகோல் பக்கத்தில் நின்றேன். மேலே ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிஷம். முதல் சுற்றில் என்னைக் கடக்கும்போது, "அப்பா, கொஞ்சங்கூட ஆட்டமே இல்லப்பா," என்றாள். இரண்டாவது சுற்றில் கையை மட்டும் ஆட்டினாள்.

"என்ன போர்மேன் சார், கை நடுங்குது?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். பார்த்தேன். நடுங்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான் எதையாவது சொல்லுவார்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். நெம்புகோலைத் தொடாமல் நின்றிருந்தால் பெட்டி மேலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கும். ஒரு ஆணி தளர்ந்திருக்கிறது, நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. உண்மையைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நானும் அதை நினைத்தேன். நாலு நிமிஷமும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் இப்போதுதான் பெரிய மனுஷன் என்று கைதட்டியிருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் முன்னால், நான் செய்த பெட்டியில் குறை இருக்கிறது என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது?

ஸ்டேஷன் மாஸ்டர் விசில் ஊதினார். நெம்புகோலைத் திருப்பினேன்.

பாலத்தின் வளைவில், நான் கணக்குப் போட்ட இடத்திலேயே, சக்கரம் நகர்ந்தது. ஒரு அடிகூட முன்னே பின்னே இல்லை. சம்பந்திக்கு இடுப்பெலும்பு முறிந்தது. முன்னால் உட்கார்ந்திருந்ததால் மகளுக்குக் கல்லில் தலை பட்டது. மாப்பிள்ளை ஓடையில் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அவள் சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டேன். அத்தனை பேர் நின்றிருந்தார்கள்.

சம்பந்தி படுக்கையில் கிடந்துகொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "சம்பந்தி வேலையில தப்பு வராது, என் தண்டவாளந்தான் கோணல், நான்தான் எம் மருமகளக் கொன்னுட்டேன்," என்று அழுகிறாராம். அப்படியே விட்டிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். நீங்கள்தான் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, கவனக்குறைவு என்று எழுதினீர்கள்.

அதை அடித்துவிடுங்கள். கவனக்குறைவு எதுவும் இல்லை. நாலாவது சக்கரத்தை வேண்டுமென்றே அப்படி ஏற்றியவன் நான். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்து நெம்புகோலைத் திருப்பியவனும் நான். எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

திருத்திய அறிக்கையில் ஒரு பிரதி அந்தப் பன்னிரண்டு பேருக்கும் போக வேண்டும். என் வேலையில் பிசகு இருந்தது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.